பிரண்டையும் மாவுக்கட்டும்

கோட்டையூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மீனாள்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததைப் படித்ததும் பகீரென்றது. இடது கையோடு போயிற்றே, அந்த மட்டுக்கும் நல்லது.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டுப் பிரண்டைப் பற்றுப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கட்டில் கை வைத்தாயோ, நானே பஸ் ஏறி வந்து உதைப்பேன்! பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் போட்டுக் காய்ச்சி என் அப்பத்தா பற்றுப் போட்டதெல்லாம் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும்தான். வச்சிரவல்லி என்று பேர் இருப்பதால், ஆசாரி மரத்தை ஒட்டுகிற வச்சிரம் மாதிரி எலும்பை ஒட்டிவிடுமா என்ன?

துவையலாகச் சாப்பிடு, அது வேறு. கொழுந்துத் தண்டாகப் பார்த்துக் கிள்ளி, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நறுக்கி எறி. நாலு பட்டையிலும் நாரை உரி. உளுந்து, வரமிளகாய், பெருங்காயம் வறுத்துத் தனியே வை. பிறகு நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பிரண்டையை வதக்கு. பச்சை நிறம் போய்ச் சுருண்டு வரவேண்டும். அவசரப்படாதே. போன மாதம் சீரியல் பார்க்கிற அவசரத்தில் நான் அரைகுறையாக வதக்கி, புளியையும் குறைத்துவிட்டேன். பேரன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆயா, நாக்குல முள்ளு குத்துது" என்று அழுதான். தண்டுக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறதாம். நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால்தான் அரிப்பு அடங்கும். உங்க வீட்டு அண்ணனுக்குச் சிறுநீரகக் கல் இருந்ததே, அவர் தட்டில் இதை வைக்காதே.

உளுந்து அப்பளத்துக்கு ஆத்தா பிரண்டைச் சாறு விட்டு மாவு பிசைந்தது ஞாபகமிருக்கிறதா? வளவு முற்றம் முழுக்க வேட்டி விரித்துக் காயப்போட்டு, காக்காய் விரட்ட நம்மை உட்காரவைத்தார்கள். காக்காயைவிட நீ தின்றதுதான் அதிகம்.

வேலியிலிருந்து நாலு தண்டு கூரியரில் அனுப்புகிறேன். கணு மண்ணுக்குள் போகிற மாதிரி தொட்டியில் நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றுவதை மறந்துவிடு. அதிகம் ஊற்றினால் அழுகிப்போகும்.

வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்துப் பக்கம் இன்னும் ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. பிள்ளையார் நோன்புக்கு, மாவில் ஏற்றிய திரியைச் சுடரோடு வாயில் போட்டு இழை எடுக்க வருவாய்தானே? அதற்குள் கட்டுப் பிரித்திருப்பார்கள்.

அன்புடன்,
சிகப்பி