வெற்றிலைப் பையும் இரண்டு எக்ஸ்ரே படங்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில் நெஞ்சுக் கட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையை என் மகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து படித்தாள். உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த நான் வெளியே வந்தபோது பத்திரிகை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் தன் வெற்றிலைப் பையை அவிழ்த்து, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு எல்லாவற்றையும் கானில் கொட்டிக்கொண்டிருந்தாள். பாக்குவெட்டி மட்டும் கையில் இருந்தது. "இதையும் போட்டுவிடட்டுமா அப்பா?" என்று கேட்டாள். அது என் தாயாரின் பாக்குவெட்டி.

பெரியவர்களானாலும் சிறுவர்களானாலும் நெஞ்சில் கட்டி வளர்வதற்குப் புகையும் புகையிலையுமே முதற்காரணம் என்றும், தோட்டப்புறத்துத் தாய்மார் வெற்றிலையை விட்டாலே பிள்ளைகள் பாதி தப்பிவிடுவார்கள் என்றும் கட்டுரையாளர் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம், பின்னால் இரண்டு. நானோ முப்பத்தோரு வருடம் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆனாலும் இந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. அந்தத் தகுதி என் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

அதில் இரண்டு எக்ஸ்ரே படங்கள். ஒன்று என் அண்ணனுடையது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தட்டில் வேலை செய்தவர். நாற்பது வருடம் சுருட்டு. இருமலும், சளியில் இரத்தமும், கழுத்துப்பட்டி தளர்ந்து தொங்கும் அளவுக்கு மெலிவும் வந்தன. ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் வலது நுரையீரலின் மேற்பகுதியில் வெள்ளை உருண்டை ஒன்று, ஓரம் பிசிறு பிசிறாக. எட்டு மாதத்தில் போய்விட்டார். அவர் விடயத்தில் தங்கள் கட்டுரையாளர் சொன்னது முழுக்கச் சரி. எனக்கு வழக்கு இல்லை.

மற்றது என் பேரனுடையது, ஏழு வயதில் எடுத்தது. நுரையீரல் இரண்டும் கறுப்பாக, சுத்தமாக இருக்கின்றன. நடுவில், இதயத்துக்கு மேலே, கையளவு இருக்க வேண்டிய நிழல் இரு பக்கமும் அகன்று, கவிழ்த்துவைத்த சட்டிபோல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பிடித்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும். பெரியவர்களுக்கு நுரையீரலுக்குள்ளேயே தோன்றும் புற்றுநோய்தான் அதிகம். பிள்ளைகளுக்கு அது மிக அரிது. பிள்ளையின் நுரையீரலில் கெட்ட கட்டி இருந்தால், பெரும்பாலும் அது சிறுநீரகத்திலிருந்தோ எலும்பிலிருந்தோ பரவி வந்ததாக இருக்கும். அவர்களுக்குச் சொந்தமாகக் கட்டி வளரும் இடம் இரண்டு நுரையீரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதன் முன்பக்கம் நிணநீர்ப் புற்றுநோய், சில வேளை பல்லும் முடியும் கொழுப்பும் கலந்த டெரட்டோமா. பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டி, நரம்பில் பிறக்கும் கட்டி. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது நியூரோபிளாஸ்டோமா என்ற பொல்லாத வகையாக இருக்கலாம். வளர்ந்தவருக்கு அதே இடத்தில் வருவது பெரும்பாலும் சாதுவானது. இவையெல்லாம் பிள்ளையின் உடம்பு வளரும்போதே அணுக்களில் நேரும் பிசகு. பெரும்பாலானவற்றுக்குக் காரணமே தெரியாது. அம்மா வாயில் என்ன மென்றாள் என்பதை வைத்து வருவதல்ல. புகையிலை வாய்ப் புற்றுநோயைத் தரும் என்பதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கும் என் பேரனின் நெஞ்சுக்கும் முடிச்சுப் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கட்டி எப்படி வந்தது என்று தெரியாது. எப்படித் தவறவிடப்பட்டது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பையனுக்கு இருமல், இழுப்பு. தோட்ட டிஸ்பென்சரியில் தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்றார்கள், பாணி மருந்து தந்தார்கள். பனி, விறகு அடுப்பு, லயத்துக் காம்பிராவில் ஈரம் என்று காரணங்களும் தயாராக இருந்தன. இரண்டு மாதம் இழுப்பு மருந்துக்குக் கேட்கவில்லை. பிறகு ஐந்து நாளைக்கு ஸ்டெரொயிட் மாத்திரை கொடுத்தார்கள். ஆசிரியர் அவர்களே, ஆறாம் நாள் பையன் பந்தடித்தான்! என் மனைவி கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனாள். அந்த மாத்திரை அவனுக்கிருந்ததைப் போன்ற நிணநீர்க் கட்டியைக் கொஞ்சம் கரைத்துக் காட்டும், பிறகு அது இன்னும் வேகமாகத் திரும்பும், நோயைச் சரியாகப் பெயரிடுவதும் கடினமாகிவிடும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. பத்து நாளில் அவனால் படுக்க முடியவில்லை. மல்லாந்தால் மூச்சுத் திணறும். இரவு முழுக்க என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார, அவள் முதுகில் தன் நெஞ்சைச் சாய்த்து, ஆற்றைக் கடக்கும் பிள்ளைபோல் இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வடியும். அழுததால் வந்த வீக்கம் என்றார்கள். நெஞ்சுக்குள்ளிருந்த கட்டி தலையிலிருந்து இரத்தம் இறங்கும் குழாயை அமுக்கியதால் வந்த வீக்கம் அது.

டவுனில் ஓர் இளம் வைத்தியர்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அவர் முதலில் செய்த காரியம், பையனை யாரும் படுக்கவைக்கக்கூடாது என்று தாதியிடம் சொன்னதுதான். பிறகு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே கழுத்திலிருந்த நெறிக்கட்டியிலிருந்து, அவனை உட்காரவைத்தே, மயக்க மருந்து கொடுக்காமல், இடத்தை மட்டும் மரக்கச்செய்து சோதனைக்குச் சதை எடுத்தார்கள். இரண்டரை வருடச் சிகிச்சை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ், கித்துல்கல வளைவுகளில் வாந்தி, புறக்கோட்டையில் இறங்கி 138 ஆம் இலக்க பஸ். போன நாளெல்லாம் என் மகளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. இப்போது பையனுக்குப் பதினொரு வயது. பந்துவீச்சில் கொஞ்சம் ஏமாற்றுகிறான்.

அந்த இரண்டரை வருடமும் என் மகள் ஒவ்வொரு வைத்தியரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: வயிற்றில் இருக்கும்போது வெற்றிலை போட்டேனே, அதனாலா? கடைசியில் வைத்தியர் அம்மா ஒருவர், அரைகுறைத் தமிழில், "உங்களால் இல்லை" என்று மூன்று தடவை சொன்னார். அதை நம்ப அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. தங்கள் பத்திரிகைக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

கட்டுரையின் நடுவே கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படத்தையும் கண்டேன். சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் அவர்தான், மண்சரிவுக்கும் அவர்தான், 2023 இல் எங்கள் முன்னோர் வந்து 200 வருடமானதற்கு மலையகம் 200 என்று தாங்கள் போட்ட மலருக்கும் அவர்தான். அவருக்கு இந்நேரம் சேமலாப நிதி எடுக்கும் வயது வந்திருக்கும். தீபாவளி முற்பணம் வரும்போது எங்களைத் தேடி நிருபர் வருகிறார். தோட்ட டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே எடுக்க வழி உண்டா என்று கேட்க ஒருவரும் வந்ததில்லை. 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு எங்கள் மருந்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் எங்கேயோ பத்திரமாக இருக்கும். ஒரு தடவை எங்களை இழிவாகச் சொல்லும் "தோட்டக்காட்டு" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டீர்கள். மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. தாங்கள் அறியாததல்ல.

இன்னொன்று. கட்டுரையில் கைக்குழந்தைகளின் எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே நிழல் தெரிந்தால் உடனே கட்டி என்று சந்தேகிக்க வேண்டும் என்கிற வரியும் இருக்கிறது. குழந்தைக்கு இதயத்தின் மேல் தைமஸ் என்றொரு சுரப்பி பெரிதாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில் படகின் பாய்போல் தெரியும், வயது ஏற ஏறச் சுருங்கும். எங்கள் மேல் லயத்தில் ஒரு தாய் இதே நிழலைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டு வைத்தியர்களே இந்தச் சுரப்பியை நோய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கதிரடித்தார்கள். அப்படிக் கதிர் வாங்கிய பிள்ளைகள் சிலருக்குப் பின்னர் தைராய்டுப் புற்றுநோய் வந்ததை 1950 இல் எழுதிவைத்தார்கள். பட்டம் இருந்தால் தவறு வராது என்பதற்கில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், நான்கு வரி: பிள்ளைகளின் நெஞ்சுக் கட்டி பெரியவர்களுடையதைப் போன்றதல்ல, அது தாயின் வெற்றிலையால் வருவதல்ல, இழுப்பு மருந்துக்குக் கேட்காவிட்டாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, காலையில் முகம் வீங்கினாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடைப் பெண்ணின் படம் வேண்டாம்.

இடம் போதாதென்று கடிதத்தைச் சுருக்குவதானால் என் அண்ணனைப் பற்றிய பகுதியைச் சுருக்குங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். பையன் பாட்டியின் முதுகில் தூங்கியதை வெட்டாதீர்கள். பாக்குவெட்டியை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன்,
பொகவந்தலாவை.