ஏழு கோலுக்கும் ஒருவர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாக்கியில் தோற்றால் உடனே ஒருவரைப் பிடித்து உலுக்குகிற பழக்கம் நமக்கு எப்போதுதான் போகுமோ. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். முதல் கோலை அடித்ததே நாம்தான், அப்புறம் தடுப்பாட்டம் கலைந்து பாகிஸ்தான் முன்கள வீரர்கள் வரிசையாக வர, கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி தனியாக நின்றார். பழி முழுக்க அவர் தலையில். காசு வாங்கிவிட்டார், துரோகி என்றெல்லாம் ஆதாரமே இல்லாமல் பேசினார்கள். நடுக்களத்தில் பந்தை விட்டவர்களை ஒருவராவது கேட்டாரா?

அதே நேகிதான் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் நம் அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர். இறுதிப் போட்டி சமனாகி டைபிரேக்கர் வரை போக, நம் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தென் கொரியாவின் அடிகளைத் தடுத்து, 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வந்தது.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவிடம் நம் மகளிர் அணி தோற்றதும், ஹரித்வாரில் அந்த அணியின் வீராங்கனை வந்தனா கட்டாரியா வீட்டு முன் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்களாம். சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்திருந்தார். இதற்குப் பெயர் ரசனையா?

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி ரசிகன்