மீன்கார அம்மைக்கு ஒரு பக்கம்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

போன ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் நூற்றாண்டு மலர் பற்றிய அறிவிப்பு வாசித்தீர்கள். வாழ்த்துரைகளுக்கு இத்தனை பக்கம், இங்கே பணியாற்றிய அருட்தந்தையர் படங்களுக்கு இத்தனை, நன்கொடையாளர் படங்களுக்கு இத்தனை என்று கணக்கும் சொன்னீர்கள். அதில் குறை காண நான் எழுதவில்லை. கோயில் கட்டக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வளைகுடாவில் வெயிலில் நின்று பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் படம் வரட்டும். நம் நடுவில் சத்தமில்லாமல் வாழ்ந்து மறைந்தவர்களுக்காக நான் கேட்பது எட்டே எட்டுப் பக்கம். பதினெட்டு வருடமாக இந்தப் பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அதில் முதல் பக்கம் நீரோடிப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்த அம்மைக்கு. உங்களில் பாதிப்பேர் வீட்டுச் சட்டியில் அவர் கொண்டுவந்த மீன் கொதித்திருக்கும். காலையில் களியக்காவிளையில் வந்து இறங்கி, சும்மாடு கட்டி, மீன் பாத்திரமான சருவத்தைத் தலையில் ஏற்றி நடக்கத் தொடங்குவார். பஸ்ஸில் மீன்வாடை என்று ஏற்றாத நாளில் அவ்வளவு தூரமும் நடைதான். நம் பக்கம் முடித்துவிட்டு கேரளப் பக்கத்து இஞ்சிவிளை வரை போவார். அங்கே மலையாளம் பேசுவார், இங்கே தமிழ் பேசுவார். இரண்டு பக்கமும் ஒரே விலைதான் சொல்வார்.

சானல்கரையில் சருவத்தை இறக்கியதும் அவர் செய்கிற முதல் காரியத்தை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். யாருக்கும் விற்கும் முன்னால், நல்ல சாளையாகப் பார்த்து ஒரு கூறு எடுத்து, தேக்கிலையில் பொதிந்து தனியாக வைப்பார். மனநிலை சரியில்லாத மகனோடு தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்கு அது. ஜூன், ஜூலைத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிக் கிடக்கும்போதும் அந்தப் பொதி இருக்கும். ஒருநாள் நான் கேட்டேன், "எல்லாம் வித்து முடிஞ்சு மிச்சம் இருந்தா குடுத்தாப் போதாதா அம்மை?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிச்சத்தக் குடுத்தா அது பிச்ச மக்களே. மொதல்ல எடுத்து வச்சாத்தான் பங்கு" என்றார். பங்கு மக்கள், பங்குக் கோயில் என்று அந்தச் சொல்லை நாம் தினமும் எத்தனை தடவை சொல்கிறோம்!

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று நம் கரையில் எத்தனை வீடுகள் இருண்டன என்பது உங்களுக்கே தெரியும். அம்மையின் இளைய மகன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிறகு பல வாரம் அவர் வரவில்லை. வந்த அன்றும் முதலில் அந்தத் தேக்கிலைப் பொதியைத்தான் கட்டினார்.

அடுத்த வருடம் கல்லறைத் திருநாள். நம் கல்லறைத் தோட்டத்தில் அன்று எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டாம். தோவாளைப் பூவும் மெழுகுதிரியுமாக அவரவர் குடும்பக் கல்லறையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பங்குச்சாமி கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தார். கிழக்கு மூலையில், பெயர் அழிந்து புல் மூடிக் கிடக்கும் கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு காலிச் சருவம் கவிழ்ந்திருந்தது. அம்மை மண்டியிட்டு, மீன் வெட்டும் கத்தியால் புல்லைச் செத்திக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து இரண்டு மெழுகுதிரி எடுத்து ஏற்றினார். காற்றில் அணைந்தது. திரும்ப ஏற்றினார். அப்புறம் சருவத்தைச் சரித்து மறைப்பாக வைத்தார், திரி நின்று எரிந்தது. நான் பக்கத்தில் போய், "ஊருக்குப் போகலையா அம்மை?" என்றேன். "அங்க எனக்குக் குழி இல்லயே. மத்தவங்களுக்கு ஆளு உண்டு. இதுக்குத்தான் ஆளில்ல" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அவரும் இப்போது இல்லை. அவர் போய் இரண்டு வருடமாகிறது.

அவர் நம் பங்கே இல்லையே என்று பேரவையில் யாராவது சொல்லக்கூடும். நம் பங்கின் ஏழைக்குப் பங்கு வைத்தவர் அவர். நம் பங்கில் ஆளில்லாத கல்லறைக்கு ஆளாக நின்றவர். எனக்கு அது போதும்.

புனிதர் என்றால் பெரிய வார்த்தை, நாம் எப்படித் தீர்மானிப்பது என்றும் கேட்கலாம். பீடத்தில் படம் வைக்கவோ, நவநாள் சொல்லவோ நான் கேட்கவில்லை. திருச்சபை அறிவிக்காதவருக்குப் பொதுவணக்கம் கூடாது என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நினைத்துப் பேசத்தான் கேட்கிறேன். எல்லாருமே புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே சொல்லிவிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் புனிதத்தைப் பற்றி எழுதிய மடலில் பக்கத்து வீட்டுப் புனிதர்களைப் பற்றிப் பேசினார். பிள்ளை வளர்க்கிற பெற்றோர், வீட்டுக்குச் சோறு கொண்டுவர உழைக்கிறவர்கள், நோயாளிகள் என்று அவர் சொன்ன ஆட்களெல்லாம் நம் தெருவிலேயே இருப்பவர்கள். கடைக்குப் போகிற வழியில் புறணி பேச வாய்ப்புக் கிடைத்தும் வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிற பெண்ணைக்கூட உதாரணம் காட்டுகிறார். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற நமக்கு அது எவ்வளவு கஷ்டமான தவம் என்று தெரியும். கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியிலும் தூய ஆவியார் இந்த அடையாளங்களை எழுப்புகிறார் என்றும் அதே மடலில் இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்காகக் கேரள எல்லையை அடைத்தபோது, திருவனந்தபுரத்தில் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துவந்த நம் பங்கு நோயாளிகளுக்கு, தடுப்புக்கு அந்தப் பக்கம் வரை மாத்திரை கொண்டுவந்து கொடுத்த முஸ்லிம் பையனை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நம் குமரி மண்ணின் தேவசகாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோம் அவரைப் புனிதர் என்றது. இடையில் 270 வருடம். அத்தனை காலமும் நம் ஜனங்கள் மலைக்குப் போய்க்கொண்டும் கதை சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவரைப் பற்றி இறைமக்கள் நடுவில் புனிதர் என்ற பேச்சு உண்மையாகவே இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் ஆயர் விசாரணையைத் தொடங்குவார். பேச்சே இல்லையென்றால் எதுவும் தொடங்காது.

இந்தப் பேச்சு நம்மிடம் குறைந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. குமரி தமிழகத்தோடு சேர்ந்த நாளும் 1956-இல் அதே நவம்பர் 1 என்பதால் அன்று ஊரெல்லாம் எல்லையையும் மொழியையும் பற்றிப் பேச்சாக இருக்கும். பேச வேண்டியதுதான். ஆனால் கோயிலில் ஆறு பெஞ்சுதான் நிறைகிறது. வகுப்பில் நான் தேவசகாயத்தின் கதை சொன்னபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "அவர் மூணு வருஷம் காவல்ல இருந்தப்ப அவர் மனைவி ஞானப்பூ சாப்பாட்டுக்கு என்ன டீச்சர் செஞ்சாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. கணவர் போன பிறகு வடக்கன்குளத்தில் வாழ்ந்து மறைந்தார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அந்தப் பெண் எந்த அடுப்பில் என்ன வேக வைத்தாள் என்பதை அன்றைக்கு யாராவது சொல்லி வைத்திருக்கலாம்.

உயிரோடு இருப்பவர்களை மலரில் போட வேண்டாம், அது அவர்களைச் சங்கடப்படுத்தும். ஆனால் ஒருவரைப் பெயர் சொல்லாமல் இங்கே சொல்லிவிடுகிறேன். ரப்பர் வெட்டுகிறவர். திருப்பலிக்கு உள்ளே வராமல் வாசல் தூணருகில் நிற்பவர், விரல் நகமெல்லாம் ரப்பர் பால் கறை. பக்கத்து வீட்டுக்காரரோடு அவருக்கு எல்லைத் தகராறு, குழித்துறை கோர்ட்டில் கேஸ். அந்த வீட்டம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது ஆட்டோ போக வழி போதவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் இவர் தன் வேலியோரம் நின்ற மூன்று மரங்களை வெட்டிப் போட்டிருந்தார். நட்டு ஏழு வருடம் காத்திருந்தால்தான் ரப்பர் பால் தரும். இவர் வெட்டியதெல்லாம் பால் தருகிற மரங்கள். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

அதனால் எட்டுப் பக்கத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். 2025 முதல் ஒவ்வொரு நவம்பர் 9-ஆம் நாளும் அந்தந்த மறைமாவட்டத்துப் புனிதர்கள், அந்த நிலைக்கு முந்தைய படிகளில் இருக்கும் முத்திப்பேறு பெற்றவர்கள், வணக்கத்துக்குரியவர்கள், இறை ஊழியர்களை நினைவுகூரும்படி திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். அந்த வாரம் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற ஒவ்வொரு அன்பியத்திலும் செபமாலை முடிந்ததும் அரை மணி நேரம், மறைந்துபோன ஒருவரைப் பற்றி அவரைப் பார்த்தவர்கள் பேசட்டும். நல்லவர், வல்லவர் என்று வேண்டாம். என்ன செய்தார், யாருக்குச் செய்தார், எத்தனை வருடம் செய்தார் என்று பேசட்டும். என் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள்.

அம்மையின் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மூத்த மகளின் கல்யாண குரூப் போட்டோ. ஓரத்தில் நிற்கிறார், யாரோ ஒருவரின் தோள் பாதி முகத்தை மறைத்திருக்கிறது. "மலருக்கா டீச்சர்? எங்க அம்ம படமா?" என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தோடு என் கையில் தந்தாள். ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் கொண்டுவருகிறேன். பிரதி எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மறைக்கல்வி ஆசிரியை