சலவைக் கடை அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பு நண்பர்களே,

நேற்று, 2018 ஜூன் 26 இரவு, நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி தன் நாடாளுமன்ற வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலின் முடிவு வந்ததிலிருந்து நான் இன்னும் உறங்கவில்லை. ரூஸ்வெல்ட் அவென்யூவில், 7ஆம் எண் ரயில் பாலத்தின் கீழே, முன்பின் அறியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். 57 விழுக்காடு! 1999 முதல் நாடாளுமன்றத்தில் இருந்த ஜோ கிரௌலியை, 14 ஆண்டுகளாகக் கட்சிக்குள் ஒருவரும் எதிர்த்து நிற்காத மனிதரை, நாம் உழைத்த நம் வேட்பாளர், 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வென்றுவிட்டார். உங்களுக்குத் தெரியாததா? நான் எழுத வந்தது ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கும் அம்மாவைப் பற்றி.

மார்ச் மாதம் அது. உள்தேர்தல் வாக்குச்சீட்டில் அலெக்சாண்ட்ரியாவின் பெயர் ஏற 1,250 கையொப்பம் வேண்டும். முகவரியில் ஒரு பிழை இருந்தாலும், கட்சியில் பதியாதவர் ஒருவர் கையொப்பமிட்டாலும் அது செல்லாது என்று ஆட்சேபிக்கலாம் என்பதால் பல மடங்கு சேர்த்துக்கொண்டிருந்தோம். அன்று மழையும் பனியும் கலந்து கொட்டியது. இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தவை நான்கே நான்கு. தாள்கள் ஊறிப்போயின, விரல்கள் மரத்துப்போயின. இனி இது நம்மால் ஆகாது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளே வா என்று கை காட்டினார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். என் கையிலிருந்த தாள்களை வாங்கித் துண்டால் ஒற்றினார். ஓடிக்கொண்டிருந்த உலர்த்தியின் சூடான மேற்பரப்பில் ஒவ்வொன்றாகப் பரப்பிவைத்தார். துணி மடிக்கும் மேசையில் பாதியை எனக்கு ஒதுக்கினார். துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் அவரே பேசி என்னிடம் அனுப்பினார். கடை அடைப்பதற்குள் 23 பேர்!

கடைசியில் பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டார். "எனக்கு ஓட்டு இல்லை" என்றார், ஏதோ தவறு செய்தவர் போல. குடியுரிமை இல்லாமல் வாழும் எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். அடுத்த சனிக்கிழமை போனபோது மேசையின் அந்தப் பாதி எனக்காகக் காலியாக இருந்தது.

பார்க்செஸ்டரில் மாடிமாடியாக ஏறி இறங்கியவர்கள், வங்காளியிலும் ஸ்பானிஷிலும் பேசிக்கொடுத்தவர்கள், நேற்று காலை ஆறு மணி முதல் முதியவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றவர்கள், கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவந்தவர்கள், உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சென்ற அக்டோபருக்குள் ஜனநாயகக் கட்சிக்கு மாற்றிப் பதியாததால் வாக்களிக்க முடியாமல்போய், அதற்காக முகம் சுளிக்காமல் பக்கத்து வீட்டாரை அனுப்பிவைத்தவர்களை நான் மறக்கவே மாட்டேன். அந்தக் கெடு அத்தனை முன்னதாக முடிந்துவிடும் என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்த அக்டோபருக்கு முன் ஒவ்வொரு சனிக்கிழமையும் பதிவுப் படிவங்களோடு அதே தெருவில் நிற்பேன். உங்கள் முன் கொடுக்கும் வாக்கு இது.

இன்று காலை கடை திறந்ததுமே போனேன். அம்மா மதியம்தான் வேலைக்கு வருவாராம். மதியம் மறுபடியும் போகிறேன்.