கட்டணத் தடம் பற்றி அப்பாவுக்கு

வுட்பிரிட்ஜ், வர்ஜீனியா
18.01.2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு அனைவரின் நலமும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் போகியன்று வந்து சேர்ந்தது. வாரந்தோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டாலும், அப்பாவின் கையெழுத்தில் நான்கு பக்கம் படிப்பதில் உள்ள நிறைவு அதில் கிடைப்பதில்லை. கடலூர்–சிதம்பரம் சாலையிலுள்ள கொத்தட்டைச் சுங்கச்சாவடியில் தம்பியின் மீன் வண்டிக்கு நடைக்கு நடை பணம் போவதைப் பற்றி வருத்தத்தோடு எழுதிவிட்டு, "அமெரிக்காவில் நெரிசலான நெடுஞ்சாலைக்கு நடுவிலேயே, காசு கொடுப்பவர்களுக்கென்று தனியாக விரைவுத் தடம் போடுகிறார்களாமே, அது நியாயந்தானா? சாவடியே இல்லாமல் எப்படி வசூலிக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். நாளை இங்கு மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள் விடுமுறை என்பதால், நிதானமாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் அன்றாடம் வேலைக்குப் போய் வருவதே அப்படிப்பட்ட ஒரு தடத்தில்தான்.

வுட்பிரிட்ஜிலிருந்து வடக்கே வாஷிங்டன் நகரம் ஏறத்தாழ 20 மைல். இடையில் ஓடும் ஐ-95 என்னும் நெடுஞ்சாலை, இந்த நாட்டிலேயே நெரிசலுக்குப் பேர்போனது. போகவும் வரவும் உள்ள பொதுத் தடங்களுக்கு நடுவில், இருபுறமும் தடுப்புச் சுவர் வைத்து, இரண்டு மூன்று விரைவுத் தடங்களைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். காலையில் அவை வடக்கு நோக்கியும் பிற்பகலிலிருந்து தெற்கு நோக்கியும் இயங்கும். நடுப்பகலில் நுழைவாயில்களையெல்லாம் அடைத்து, உள்ளே ஒரு வண்டியும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே திசையை மாற்றுகிறார்கள். சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற தங்களுக்கு இதில் உள்ள சிக்கனம் உடனே விளங்கும்: இரு திசைக்கும் தனித்தனியே நிலம் எடுக்காமல், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நெரிசலோ அந்தப் பக்கத்துக்கு அதே தளத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சாவடி, தடுப்புக் கட்டை, சில்லறை எதுவும் கிடையாது. சாலைக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. அதிலுள்ள கருவி, கண்ணாடியில் ஒட்டிய ஈசி-பாஸ் பெட்டியை, நம் ஃபாஸ்டேகைப் போலவே, ஓடும் வேகத்திலேயே படித்துக்கொள்ளும். பெட்டி இல்லாத வண்டியின் எண் பலகையைக் கேமரா படம் பிடிக்கும். கட்டணம் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதுதான் நம் ஊர் முறையிலிருந்து இதற்குள்ள பெரிய வேறுபாடு. கூட்டம் கூடக் கூட ஏறும், குறையக் குறைய இறங்கும். நுழைவதற்கு முன்பே மின்பலகையில் தொகை எரியும், நுழையும்போது கண்ட தொகைக்கு மேல் அந்தப் பயணத்துக்குக் கேட்கமாட்டார்கள். நெரிசல் மிகுந்த காலையில் அது முப்பது டாலரையும் தாண்டிவிடுகிறது. இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பும் இந்தச் சாலையில் இல்லை. விரைவுத் தடத்தில் மணிக்கு 45 மைல் வேகமாவது நிலைத்திருக்க வேண்டும் என்பது கூட்டரசின் சட்டம். உள்ளே கூட்டம் சேர்ந்து அந்த வேகம் கெடாதபடி, விலையை ஏற்றி ஆட்களை வெளியே நிறுத்துகிறார்கள்.

இந்தத் தடங்களின் வரலாற்றைச் சொன்னால், நியாயமா என்ற தங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வாஷிங்டனை ஒட்டிய பகுதியில் 1969இல் இவை பேருந்துகளுக்காக மட்டுமே திறக்கப்பட்டன. நான்கு பேர் சேர்ந்து வரும் கார்களையும் 1973இல் உள்ளே விட்டார்கள், 1989இல் அதை மூன்று பேராகக் குறைத்தார்கள். தனியாக வருபவரும் பணம் கட்டி நுழையலாம் என்ற ஏற்பாடு 2014 இறுதியில் தெற்குப் பகுதியிலும், 2019இல் வாஷிங்டன் எல்லை வரையிலும் வந்தது. ஆனால் பேருந்துக்கும், மூன்று பேர் ஏறிய காருக்கும் இன்றுவரை கட்டணம் இல்லை. இதற்கென்றே உள்ள ஒரு வகை ஈசி-பாஸ் பெட்டியில் சிறு விசை இருக்கிறது. மூவர் இருந்தால் அதை ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும், அந்த இரும்புச் சட்டத்தின் கீழே போகும்போது கணக்கில் கை வைக்காது. ஆளில்லாமல் தள்ளி வைத்திருப்பவரைப் போலீசார் பிடித்து அபராதம் விதிக்கிறார்கள்.

இந்த மூவர் விதியால்தான் என் பிழைப்பு சுலபமாக நடக்கிறது. அதிகாலையில் ஹார்னர் ரோடு வண்டி நிறுத்தத்துக்கு நடந்து போய் வரிசையில் நிற்கிறேன். இதை இங்கே ஸ்லக் வரிசை என்கிறார்கள். கார்க்காரர் ஒருவர் வந்து, கண்ணாடியை இறக்கி, "பென்டகன், இரண்டு பேர்" என்பார். முன்னால் நிற்கும் இருவர் ஏறிக்கொள்வோம். அவருக்குக் கட்டணம் மிச்சம், எங்களுக்குப் பயணம் இலவசம், பணம் கைமாறுவதே இல்லை. அரசு ஏற்படுத்தாமல், மக்களே எழுபதுகளிலிருந்து நடத்திவரும் முறை இது. எழுதாத விதிகளும் உண்டு. கார்க்காரர் பேச்சைத் தொடங்கினாலொழிய மற்றவர்கள் பேசக்கூடாது. அரசியலும் மதமும் எடுக்கவே கூடாது. ரேடியோவும் வெப்பமும் கார்க்காரரின் விருப்பம். இருட்டு நேரத்தில் வரிசையில் ஒரு பெண் தனியாக மிஞ்சும்படி இருந்தால், அவருக்கு முன்னால் நிற்பவர் தன் முறையை விட்டுக்கொடுத்து அவரை முதலில் அனுப்ப வேண்டும். அந்தக் கடைசி விதியைப் படித்தபோது, இந்த ஊர் மனிதர்கள் மேல் எனக்கு முதன்முதலாக மதிப்பு வந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். ஓய்வு பெறும் வயதைக் கடந்தும் இன்னும் வேலைக்குப் போகிறார். நாள்தோறும் வரிசையிலிருந்து இருவரை ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவார், ஒரு முறைகூடக் கட்டணம் கட்டியதில்லை. ஆனாலும் அந்தக் காலையில் மின்பலகை காட்டிய தொகையை மனத்தில் வைத்திருந்து, மாலையில் வீடு திரும்பியதும் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவிடுவார். ஒருமுறை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். செவ்வாய், புதன், வியாழன் கட்டங்களில் எண்கள் பெரிதாகவும், வெள்ளியன்று சிறிதாகவும் இருந்தன. பலர் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள் என்பது அந்தக் காலண்டரிலேயே தெரிந்தது. "இது நான் கொடுக்காத பணம், மற்றவர்கள் கொடுத்த பணம், யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும்" என்றார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், ஜல்லி லோடு வந்த நேரத்தையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் அப்பாவின் நினைவு வரும்.

அம்மா, குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரிசையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் காது மடலும் விரல் நுனியும் மரத்துப் போகும், காருக்குள் ஏறிவிட்டால் சரியாகிவிடும். பிறர் காரில் வாசனையுள்ள உணவு கொண்டுபோகக்கூடாது என்பதும் ஒரு விதி என்பதால், மதியத்துக்குத் தயிர்ச்சோறும் தாங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காயும் இறுக்கமாக மூடி எடுத்துச் செல்கிறேன். மீன் குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். இங்கே கிடைப்பது உறைய வைத்த வஞ்சிரம், முதுநகர் துறையில் கூடையிலிருந்து எடுத்த மீனின் ருசி அதில் வராது. ஏன் இன்னும் கார் வாங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு வசதியாகப் போய்வரும்போது காரும் காப்பீடும் வீண் செலவு என்று விட்டுவைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

நியாயம் பற்றி என் முடிவைச் சொல்கிறேன். சாலையில் உள்ள இடம் அளவானது, கேட்பவர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க இயலாது. அதைப் பேருந்துக்கும் கூட்டுப் பயணத்துக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதை விலைக்கு விடுவதில் எனக்குக் குறை தோன்றவில்லை. ஆனால் அந்த விலையை யார் வைக்கிறார், வசூல் எங்கே போகிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றிலும் கண் வைக்க வேண்டும். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1995இல் ஸ்டேட் ரூட் 91 என்னும் சாலையின் நடுவே, இந்த நாட்டின் முதல் கட்டண விரைவுத் தடங்களைத் தனியார் நிறுவனம் ஒன்று கட்டியது. அருகிலுள்ள இலவசத் தடங்களை அரசு அகலப்படுத்திப் போட்டி உண்டாக்கக்கூடாது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஊர் வளர்ந்தது, பொதுத் தடங்கள் திணறின, அரசால் கை வைக்க முடியவில்லை. வழக்கும் வாதமுமாகி, கடைசியில் 2003இல் உள்ளூர்ப் போக்குவரத்து அமைப்பே 20.75 கோடி டாலர் கொடுத்து அந்தத் தடங்களை வாங்கி, ஷரத்திலிருந்து விடுபட்டது. மக்கள் தங்கள் சாலையைத் தாங்களே சரிசெய்யும் உரிமையைப் பணம் கொடுத்து மீட்டிருக்கிறார்கள், அப்பா. ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்னவாகும் என்று தாங்கள் ஒப்பந்ததாரர்களைப் பற்றிச் சொல்வீர்களே, அதுதான் அங்கே நடந்தது.

நான் போகும் தடமும் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் தனியார் கையில் இருக்கிறது. இது எனக்கு உவப்பில்லை. எழுபது ஆண்டில் ஊர் எங்கே வளரும், மக்கள் எங்கே வேலை பார்ப்பார்கள் என்று இன்றைக்கு யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு நல்லதும் அதில் உண்டு: 2019இல் தடத்தை நீட்டியபோது, பேருந்துக்கும் கூட்டுப் பயணத்துக்கும் ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு சேர்த்து எழுதிக்கொண்டது. மழை நாளில் நான் ஏறும் ஆம்னிரைடு பேருந்தும், நெரிசலில் நிற்கும் கார்களைத் தாண்டி, அதே தடத்தில்தான் வேகமாகப் போகிறது. காசுள்ளவருக்கு மட்டும் என்று போட்டிருந்தால் நான் எதிர்த்தே எழுதியிருப்பேன். துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாள் ஒருவர் அந்தப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முப்பது டாலர் கொடுத்தவரின் வேகத்தில் வேலைக்குப் போவதைப் பார்த்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பேருந்திலும் யாரும் பேசுவதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வண்டியில் ஆல்பேட்டை தாண்டுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுவார். கிருமாம்பாக்கத்தில் ஏறும் அம்மா மடியில் கூடையை வைத்துவிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அரியாங்குப்பத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது ஓட்டுநரிலிருந்து கடைசி இருக்கை வரை எல்லாரும் ஒரே விஷயத்தைப் பேசுவார்கள். அந்த நெரிசலில் நின்றபோது சலித்துக்கொண்டவன், இப்போது அதை நினைத்து ஏங்குகிறேன். நாளை தை ஐந்து, ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றில் எல்லா ஊர்ச் சாமிகளும் இறங்கியிருக்கும், ஆல்பேட்டைப் பக்கம் ஒரு வண்டியும் நகராது, அம்மா சுருளிக்கிழங்கு வாங்கி மணலைத் தட்டிப் பையில் போடுவார். என் பங்குக்கும் கொஞ்சம் வேகவைத்து அக்கா பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இதற்கு மேல் இதை எழுத வேண்டாம்.

இனித் தம்பியின் வண்டி விஷயம். அவனிடம் இதை வரிக்கு வரி படித்துக் காட்டவும். 2008ஆம் ஆண்டின் கட்டண விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினால் ஒன்றரை மடங்கு கட்டினால் போதும், இரண்டு முறை முழுக் கட்டணம் இல்லை. மாதம் ஐம்பது ஒற்றை நடைக்கான பாஸ் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் ஆகும். அவன் வாரத்தில் ஆறு நாள் சிதம்பரம் போகிறான், ஆகவே பாஸ்தான் லாபம். சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வணிக வண்டிக்குப் பாதிக் கட்டணம் என்றும் பலகையில் தனிப் பத்தி இருக்கும். ஆனால் வில்லியனூரில் வாங்கிய அந்த வண்டி இன்னும் புதுச்சேரியின் பிஒய்-01 எண்ணில்தானே ஓடுகிறது? அந்த எண்ணில் இருக்கும்வரை பாதிக் கட்டணம் கேட்க முடியாது. புதுச்சேரியில் தடையின்மைச் சான்று வாங்கி, கடலூரில் டிஎன்-31 எண்ணுக்கு மாற்றி, தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். வரி எவ்வளவு என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, ஓராண்டில் சுங்கத்தில் மிச்சமாகும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். முதுநகர் மாமா சொன்ன ஆண்டு பாஸ் சொந்தக் காருக்கும் ஜீப்புக்கும் வேனுக்கும்தான், மீன் வண்டிக்குப் பொருந்தாது. மாமா தம் காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வண்டிக்குக் கடன் வாங்கும் பேச்சைச் சித்திரை வரை தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இம்மாதம் நான் அனுப்பும் தொகை சற்றுக் குறைவாக இருக்கும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன். அம்மாவின் கண் மருந்துக்கும் மளிகைக்கும் அதில் முதலில் எடுத்துக்கொள்ளவும். நாற்கரச் சாலைக்குப் போன ஆலப்பாக்கம் நிலத்தின் இழப்பீட்டைப் பற்றிச் சித்தப்பா அவசரப்பட்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். நடுவர் விசாரணையின் அடுத்த தேதி தெரிந்ததும், பட்டா நகல், சிட்டா, கிணற்றுக்கும் தென்னைக்கும் போட்ட மதிப்பீடு மூன்றையும் தம்பி படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். நெல்லிக்குப்பம் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வண்டியின் பதிவுச் சான்றில் முகவரி எந்த ஊரில் இருக்கிறது என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்