ஒத்திகை நாளில் பள்ளி வாசல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கட்டுரைப் போட்டி என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் கலக்கினார்கள். பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்துவிட்டன, புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வியாழக்கிழமை பேரிடர் ஒத்திகை நடந்தது. ஒரு வாரம் முன்பே டைரியில் எழுதி அனுப்பி, உங்கள் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். மணி அடித்து 5 நிமிடத்தில் கட்டடம் காலி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்தபடி, ஒருவர்கூடப் புத்தகப்பையைத் தொடாமல், வரிசையாக மைதானத்துக்கு வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது 10 நிமிடம்தான் நீடித்தது.

அதற்குள் "பள்ளியில் தீ" என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கேட்டை அடைத்துக்கொண்டு வண்டிகள். ஒத்திகைக்கு வந்த தீயணைப்பு வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. இதற்கிடையில் ஏழாம் வகுப்பில் தலை எண்ணினால் ஒன்று குறைகிறது. ஆசிரியைகள் இரண்டு பேர் மறுபடி உள்ளே ஓடிக் கழிப்பறை, ஆய்வகம், மாடிப்படிக்கு அடியில் என்று தேடினார்கள். 17 நிமிடம். அந்தப் பையனோ அப்பாவோடு பக்கச் சுவர் ஏறிக் குதித்து, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

யார் என்று சொல்லப் போவதில்லை. நானும் பிள்ளை பெற்றவள்தான். அந்தச் செய்தியைப் பார்த்திருந்தால் என் காலும் சும்மா இருந்திருக்காது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது நிஜத் தீயாக இருந்திருந்தால், வீட்டில் பத்திரமாக இருக்கும் ஒரு பிள்ளையைத் தேடி அந்த இருவரும் புகைக்குள் போயிருப்பார்கள். சொல்லாமல் பிள்ளையை அழைத்துப் போவதை இனி அனுமதிக்க மாட்டேன். கேட்டை மறித்து வண்டி நிறுத்துவதையும்தான்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, கமாயிஷி நகரில் பள்ளிகளின் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 3,000 பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அங்கே ஓரிடத்தில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓட, அதைப் பார்த்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். வழியில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கடற்கரைப் பகுதியில் 'தெந்தென்கோ' என்று ஒரு சொல் உண்டு. சுனாமி வந்தால் யாருக்காகவும் நிற்காமல் அவரவர் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அர்த்தம். கேட்கக் கல்நெஞ்சாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை தப்பித்திருப்பான் என்று அம்மாவும், அம்மா தப்பித்திருப்பாள் என்று பிள்ளையும் நம்பினால்தான் இருவரும் நிற்காமல் ஓட முடியும். அந்த நம்பிக்கை அன்றைக்கு வந்துவிடாது. அதனால் இந்த வாரம் ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்: என்ன நடந்தால் யார் எங்கே போவது, எங்கே சந்திப்பது, யார் வந்தால் பிள்ளை அவரோடு கிளம்பலாம்.

எங்கள் பங்குக்கு, தலை எண்ணி முடியும்வரை யாரையும் அனுப்ப மாட்டோம். பிறகு பின்பக்க கேட்டில், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்போம். அழைத்துப் போகக்கூடிய மூன்று பேரின் பெயரும் எண்ணும் இத்துடன் உள்ள படிவத்தில் எழுதி, திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். வெளியூர் உறவினர் ஒருவரின் எண்ணும் வேண்டும். ஊரே ஒரே நேரத்தில் போன் போடும்போது உள்ளூர் எண் கிடைக்காது. வெளியூர் எண் சில சமயம் கிடைத்துவிடும். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அப்புறம், எண் மாறினால் சொல்லுங்கள். வியாழக்கிழமை அந்தப் பையனின் வீட்டுக்குப் போன் போட்டபோது, எங்களிடம் இருந்தது பழைய எண்.

அன்றைக்குப் பதறாமல் ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக, எதிர்ப்புற மரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு, "ஒத்திகைதாம்மா, டைரியில போட்டிருந்தாங்களே" என்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்த தாத்தாவுக்கு. அடுத்த பருவத்து ஒத்திகைக்கும் அவரை எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்