இரண்டாவது மான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுச் சாலையில் பைக் ஓட்டுபவர்களிடம் ‘மெதுவாகப் போங்கள்’ என்கிறோம். எவ்வளவு மெதுவாக என்று சொல்வதில்லை. உயிர் தப்புவது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. விலங்கைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 57 மீட்டர். லோ பீமில், அதாவது ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைத்தால், பல வண்டிகளின் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. 50 கி.மீ. வேகமென்றால் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடலாம். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, வெளிச்சம் ரோட்டை விட்டு மேலே போய்விடும். கிளம்பும் முன்பே ஹெட்லைட்டைச் சரிசெய்யுங்கள்.

மானின் கண் வெளிச்சத்தில் மினுங்கும், பன்றியின் கண் மினுங்காது. அதனால் மினுக்கம் தெரியாததை வைத்து ரோடு காலி என்று நம்பிவிடக் கூடாது. அந்தியிலும் விடியலிலும் கூடுதல் கவனம் தேவை. மான்கள் பெரும்பாலும் கூட்டமாகவே கடக்கும். முதல் மான் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறார்கள். பலர் விழுவது இரண்டாவது மானால்தான்.

குறுக்கே வந்தால் ஒடித்து விலகப் பார்க்காதீர்கள். விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. சாய்ந்த வண்டியில் டயரின் பிடிப்பில் ஒரு பங்கு திருப்பத்துக்கே போய்விடுவதால், பிரேக் பிடித்தால் டயர் எளிதில் வழுக்கும். வண்டியை நிமிர்த்தி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எடை முன்சக்கரத்தில் இறங்க இறங்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கண் போகிற பக்கமே வண்டியும் போகும், ஆகவே விலங்கைப் பார்க்காமல் காலி இடத்தைப் பாருங்கள். முயல் போன்ற சிறியது மீது ஏறுவது தவிர்க்கவே முடியாதென்றால், கடைசிக் கணத்தில் முன் பிரேக்கை விட்டு, ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்துகொள்ளுங்கள். பிரேக்கில் அழுந்தியிருந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) மீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

யானையென்றால் இதெல்லாம் செல்லாது. தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன், ஹை பீம் இரண்டும் வேண்டாம். எஞ்சினை அணைக்காமல் வண்டியை வந்த வழியே திருப்பி வைத்துக் காத்திருங்கள். கூட்டத்தின் இடைவெளியில், குறிப்பாகத் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே, நுழையவே கூடாது.

ஓடும்போது காற்றில் ஒலியெழுப்பி மானை விலக்கும் என்று சொல்லி விற்கும், வண்டியில் மாட்டும் ‘மான் விசில்’ பயன் தருவதாக நம்பத் தகுந்த சான்று இல்லை.

தங்கள் இதழின் பைக் விமர்சனங்களில் மைலேஜோடு, லோ பீம் எத்தனை மீட்டர் எட்டுகிறது என்பதையும் அளந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்